சேம்பிலை கருகிய வியாழன்

அத்தியாயம் 11

கைருன்னிஸா பின்முற்றத்துக் கதவைத் திறந்தபோது, யானைச்சேம்பின் பெரிய இலை தரையில் கிடந்தது.

நேற்று மாலை தண்ணீர் ஊற்றும்போது அது நிமிர்ந்துதான் நின்றது. ஓரம் மட்டும் கொஞ்சம் பழுத்திருந்தது. இப்போது தண்டு அடியோடு கூழாகிப்போய், இலை குப்புற விழுந்திருந்தது. ஓரமெல்லாம் தணலில் வாட்டியதுபோல் கறுப்பு. ஒரு சின்னப் பிள்ளை மழைக்கு ஒதுங்கி நிற்கக்கூடிய இலை அது.

கணவனின் தங்கை ஹபீலாவின் கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் மண் என்பது பேருக்குத்தான். ஒரு சாண் கிண்டினால் உப்பு மணல். ஊற்றுகிற தண்ணீர் அந்தக் கணமே காணாமல் போகும். அந்த மணலில் முருங்கையும் தென்னையும் பிழைக்கலாம். சேம்பும் கல்வாழையும் பிழைக்காது. கைருன்னிஸாவுக்கோ அந்தப் பெரிய இலைகளின்மேல்தான் ஆசை. அதனால் பீப்பாய்களில் வளர்த்தாள்.

பீப்பாயைக் குறுக்கே இரண்டாக அறுத்தால் இரண்டு தொட்டி. அடியில் துளை போடமாட்டாள். பக்கத்தில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரே ஒரு துளை. அதற்குக் கீழே எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும், மிஞ்சியது வழிந்துபோகும். செங்கல் உடைசல், தேங்காய்ப் பொச்சு, ஆற்று வண்டல், மக்கிய சாணம் என்று வரிசையாக நிரப்பி நட்டால், எந்த வெயிலிலும் வேருக்கு ஈரம் உண்டு. யாரும் சொல்லித்தந்து கற்றதல்ல. ஏழெட்டுச் செடியைச் சாகக்கொடுத்துக் கற்றது.

எட்டுத் தொட்டிகள் அவளிடம் பழையவை. ஆறு புதியவை. அந்த ஆறும் இரண்டு மாதத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தவை.

மாப்பிள்ளை பௌஸி கொட்டாஞ்சேனையில் அக்காள் லுத்பியாவின் வீட்டில் இருக்கிறான். துறைமுகத்தில் காலியாகும் பீப்பாய்களையும் பெட்டிகளையும் வாங்கி விற்பது தொழில். பெண்ணின் மதினிக்குச் செடிப் பைத்தியம் என்று கேள்விப்பட்டு, நல்ல கனத்த பலகைப் பீப்பாய்களாகப் பார்த்து அறுத்து வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தான். அன்று ஹபீலாவின் முகம் சிவந்ததைப் பார்த்துக் கைருன்னிஸா சிரித்தாள். இருக்கிற நாற்றில் எதெல்லாம் திடமோ அதையெல்லாம் அந்த ஆறிலும் நட்டாள். கலியாணத்தன்று பதினான்கு தொட்டியும் தெருப் படலையிலிருந்து வாசல்வரை இரண்டு பக்கமும் நிற்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள்.

இப்போது அவள் முற்றத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பழைய எட்டிலும் இலைகள் பச்சை மாறாமல் நின்றன. புதிய ஆறிலும், ஒன்று தப்பாமல், ஓரம் கருகியிருந்தது.

இது இன்று தெரிந்த விஷயம் என்று சொன்னால் பொய். பதினைந்து நாளாகத் தெரியும். முதலில் தண்ணீர் கூடிவிட்டது என்றாள். பிறகு கடற்காற்று என்றாள். அப்புறம் சாணத்தின் சூடு. மாப்பிள்ளை வீட்டுச் சீரில் குறை இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அந்தப் புதிய தொட்டிகளின் விளிம்பில் வல்லாரை மட்டும் தழைத்துக் கிடந்தது. மேல்மண்ணில் படர்கிற சின்னச் செடி. ஈரம் கண்ட இடமெல்லாம் ஓடும். ஒரு கைப்பிடி கிள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். கலியாணப் பெண்ணுக்கு முகத்தில் தெளிவு வர, ஒன்றரை மாதமாக ஒவ்வொரு காலையும் வல்லாரைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவருகிறாள்.

கிணற்றடியிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

ஹபீலா துலாக்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பதினொரு வயதில் தாயைப் பறிகொடுத்து, அண்ணனின் புது மனைவியுடைய சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள். இப்போது இருபது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"மதினி, கால் எரியுது. உள்ளங்கால்ல தணல் வெச்ச மாதிரி ஈக்கி."

"கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சது அப்புடியே வந்துட்டு."

"வயித்துல ஒண்டும் இல்லாம நிக்க ஏலா. இன்னொரு கோப்பை தாரன்."

மடியிலிருந்த வல்லாரையைக் கழுவி அரைத்து, சுடச்சுடக் கஞ்சி காய்ச்சி, பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் குடிக்கவைத்தாள்.

பத்து மணிக்குத் திரை போட்ட ரிக்‌ஷா ஒன்று வாசலில் வந்து நின்றது. லுத்பியா இறங்கினாள். கையில் துணிப்பொட்டலம், கலியாணச் சேலைக்குத் தைத்த சட்டை.

"போட்டுப் பாருங்கொ மகள். சரியில்லாட்டி இண்டைக்கே திருத்தக் குடுக்கணும்."

சட்டை தோளில் தொளதொளத்தது. ஒரு மாதத்துக்கு முன் எடுத்த அளவு. லுத்பியா இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தாள். புருவம் நெரிந்தது.

"இதென்ன, பாதியாப் போயிட்டீங்க?"

ஹபீலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கிணற்றடிக்குப் போய்ச் சேர முடியவில்லை. அடுப்பெரியும் குசினியின் படியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

லுத்பியா எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். அந்தப் பார்வை ஹபீலாவின் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியதைக் கைருன்னிஸா கண்டாள். 

"எத்தின நாளா இப்புடி?"

"ஒரு மாசமா... சூடு ராத்தா. வெயிலுக்கு."

"நான் மூணு பெத்தவ, கைருன்னிஸா. சூடும் தெரியும். மத்ததும் தெரியும்."

"ராத்தா! என்ன கத கதைக்கிறீங்க? வாசல் படி தாண்டாத புள்ள."

"படி தாண்டாத புள்ளக்கி ஒரு மாசமாச் சத்தி வருதாம். அத மறைச்சு வெச்சு, எங்கட தம்பிட தலையில கட்டப் பாத்தீங்களா?"

"அல்லாவுக்காக, மெல்லமாக் கதைங்கொ. புள்ள கேக்கும்."

லுத்பியா சட்டையைத் திரும்ப வாங்கவில்லை. பொட்டலம் சுற்றிவந்த துணியை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நிக்காஹ் ஓத லெப்பைக்கு வரச் சொன்னதும் நாங்கதான். வேணாமெண்டு சொல்லவும் எங்களுக்குத் தெரியும். இந்த வீட்டு ஆள் யாரும் இனி எங்கட வாசலுக்கு வரவேணாம்."

ரிக்‌ஷாவின் மணி ஒழுங்கை முனைவரை கேட்டது. குசினிப் படியில் ஹபீலா சுவரோடு சாய்ந்திருந்தாள். எல்லாமே கேட்டிருந்தது.

"மதினி, நீங்களும் அப்புடித்தான் நெனைக்கிறீங்களா?"

கைருன்னிஸா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பதில் சொல்ல ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அந்த ஒரு நொடிக்காக அன்று முழுக்க அவள் தன்னைத் தானே மன்னிக்கவில்லை.

லுத்பியா நேரே வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது. பன்னிரண்டரை ரெயிலில் கணவன் புவாத் வந்து இறங்கினான். புறக்கோட்டைத் துணிக்கடையில் கணக்கெழுதுகிறவன். கடைக்கு லீவு சொல்லி அறியாதவன். வந்தவன் சப்பாத்தைக் கழற்றவில்லை. முன் ஜன்னல் இரண்டையும் சாத்தினான்.

"எங்க அவள்?"

"படுத்திரிக்கா. காலில நிக்க ஏலாம ஈக்கி."

"கடையில பத்துப் பேருக்கு முன்னால அந்தப் பொம்புள கேட்ட கேள்விய நான் உசிரோட நிண்டு கேட்டன், கைருன்னிஸா. பத்துப் பேருக்கு முன்னால."

கதவோரம் ஹபீலா வந்து நின்றாள். ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நானா, நான் ஒண்டும் செய்யல்ல."

புவாத் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு மனைவியிடம்தான் பேசினான். "மருத்துவிச்சியக் கூட்டிக்கொண்டு வா. இப்பவே பாத்துச் சொல்லட்டும்."

"நானா, என்னப் பாத்துக் கதைங்கொ!"

அவன் பார்க்கவில்லை. ஹபீலாவின் கை நிலையிலிருந்து வழுக்கியது. கைருன்னிஸா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். ஹபீலாவின் விரல் நுனிகள் மரத்துப்போன மாதிரி, பிடித்ததைப் பிடித்ததாகவே தெரியாமல் நழுவின.

"மருத்துவிச்சி வேணாம்," என்றாள் கைருன்னிஸா. ஒன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவனுக்கு முன்னால் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "டாக்குத்தர் பாக்கட்டும்."

"ஊருக்கே தெரியவா?"

"ஊருக்கு லுத்பியா ராத்தா சொல்லி முடிச்சிருப்பாங்க. புள்ளக்கி என்னெண்டு நமக்குத்தான் இன்னும் தெரியா."

காலி வீதியில் டாக்டர் நாகேந்திரத்தின் டிஸ்பென்சரி பகலிலும் விளக்குப் போட்டிருந்தது. தெற்கிலிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் யாழ்ப்பாணத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமர்த்திப் பார்த்தார், உள்ளங்காலில் ஊசியால் தொட்டார். மாதக் கணக்கைக் கைருன்னிஸாவிடம் கேட்டார். பிறகு புவாத்தை உள்ளே கூப்பிட்டார்.

"நீங்கள் பயந்த விஷயம் இல்லை. பிள்ளைத்தாச்சி இல்லை."

புவாத் நாற்காலியில் இருந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஆனால் டாக்டர் பேசி முடித்திருக்கவில்லை.

"பிள்ளை, கையைக் காட்டுங்கோ. ரெண்டு கையும்."

ஹபீலா நீட்டினாள். பத்து நகத்திலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. யாரோ சுண்ணாம்பால் ஒரே அளவாகக் கிழித்துவைத்ததுபோல.

டாக்டர் அந்த விரல்களை விளக்கடியில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வீட்டில ஆரும் எலிப் பாஷாணம் வைச்சனீங்களோ?"

"இல்லை சேர்."

"நாட்டு மருந்து ஏதும் குடுத்தனீங்களோ? செந்தூரம், பஸ்பம்?"

"அதெல்லாம் இல்லை."

"அண்மையில வீட்டில ஏதும் செத்ததோ? கோழி, பூனை?"

கைருன்னிஸா இல்லை என்று தலையாட்டத் தொடங்கினாள். தலை பாதியில் நின்றது.

"செடிதான் சேர் சாகுது."

"என்ன செடி?"

"சேம்பு. கல்வாழை. எல்லாம் இல்ல... புதுப் பீப்பாயில நட்டது மட்டும்."

டாக்டர் மெல்ல ஹபீலாவின் கையை மேசையில் வைத்தார். "அந்தப் பீப்பாயில இருந்து பிள்ளை ஏதும் சாப்பிடுறவவோ?"

வெளியே முதல் மழைத்துளி தகரத்தில் விழுந்தது. கைருன்னிஸா சொல்ல வேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான். 

"வல்லாரை," என்றாள். "நான்தான் காய்ச்சிக் குடுத்தன். காலத்தால ஒரு கோப்பை. இண்டைக்கு ரெண்டு."

பீப்பாயை அடியில் துளை போடாமல் வைத்திருப்பதையும் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடியில துளை இருந்திருந்தா மழையோட கழுவுப்பட்டுப் போயிருக்கும். தண்ணி தேங்கி நிண்டு பலகையில ஊறினதெல்லாம் மண்ணுக்கு வந்திட்டுது. பீப்பாயில முந்தி இருந்தது எஸ்டேட்டுகளில புல்லுக் கருக அடிக்கிற மருந்தெண்டு நினைக்கிறன். பாஷாணந்தான் அது."

"புழைப்பாளா சேர்?" இது புவாத். 

"இண்டையோட நிப்பாட்டினா உடம்பு மெல்ல மெல்லக் கழிக்கும். எவ்வளவு உள்ளுக்குப் போயிருக்கெண்டு எனக்குத் தெரியாது. பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டுபோங்கோ, துண்டு எழுதித் தாறன். பீப்பாய் ஒண்டை என்னட்டை அனுப்புங்கோ. வெறுங்கையால தொடக்கூடாது."

வாடகைக் கார் வந்தது. புவாத் தங்கையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி ஏற்றினான். கதவைச் சாத்துமுன் ஹபீலா அவன் முகத்தைப் பார்த்தாள். இப்போது அவன் அவளைப் பார்த்தான். இம்முறை கண்ணைத் திருப்பிக்கொண்டவள் அவள்.

கைருன்னிஸா மழையில் வீட்டுக்கு நடந்தாள். அழுவதற்கு நேரம் இருக்கவில்லை.

கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓரத்துத் தொட்டியைத் தள்ளிச் சாய்த்தாள். மண் வெளியே சரிந்தது. வெள்ளையாக, விரல் கனத்தில் இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாக வழுவழுத்தன. பலகையைத் தொட்ட வேர் எல்லாமே அழுகியிருந்தது. உட்பக்கம் நெடுக, உப்புப் பூத்ததுபோல் ஒரு வெள்ளைப் படலம்.

வெளிப்பக்கத்தைத் திருப்பினாள். சுவரோடு ஒட்டி வைத்திருந்ததால் இதுவரை பார்க்காத பக்கம். ஒரு முழம் அகலத்துக்கு யாரோ இழைப்புளி போட்டுச் சீவியிருந்தார்கள். சீவியும் ஆழத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளின் அடிக்கால்கள் மிஞ்சியிருந்தன. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அழிக்கவேண்டிய எழுத்து நல்ல எழுத்தாக இருக்காது என்பது தெரியும்.

மற்ற ஐந்தையும் திருப்பினாள். இன்னும் இரண்டில் அதே சீவல்.

சந்தியில் நிற்கும் மாட்டுவண்டிக்கார அழகரைக் கூப்பிட்டாள். ரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து பத்து வருடமாகக் கொழும்பில் வண்டி ஓட்டுகிறவர். இந்தத் தொட்டிகளைக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஏற்றிவந்தவரும் அவர்தான். சாக்கால் சுற்றி ஒரு தொட்டியை வண்டியில் வைத்தார்கள்.

"அழகர், இத நீங்க ஏத்தக்குள்ள இந்த எழுத்து இருந்திச்சா?"

அவர் குனிந்து பார்த்தார். "இல்லீங்கம்மா. அப்பவே சீவித்தான் கெடந்துச்சு. புது மரமாட்டம் பளிச்சுனு. நான்கூட, என்னா இவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

"யாரு சீவினது?"

"அது தெரியாதுங்கம்மா. அவுங்க சரக்குக் கிட்டங்கி வாசல்ல அடுக்கி வச்சிருந்தாங்க. தம்பி அறுக்கச் சொன்னாரு, ஆசாரி அறுத்தாரு, நான் ஏத்துனேன்."

தம்பி என்றால் பௌஸி.  தெரிந்தே கொடுத்தானா? கலியாணம் பேசிய பெண்ணின் வீட்டுக்கா?

"நாலு பீப்பாங்கம்மா அன்னிக்கி," அழகர் மாட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "மூணத்தான் அறுத்தாங்க, ஒங்களுக்கு ஆறாச்சு. நாலாவது நல்ல கெட்டியா இருக்குன்னு முழுசா அவுங்க வீட்டுலயே எறக்கச் சொன்னாங்க. நாந்தான் உருட்டி உள்ள வச்சேன்."

"எங்க வெச்சீங்க?"

"குசினிக்குப் பக்கத்துல. தெருக் கொழாயில எப்பப் பாத்தாலும் சண்டையாம்ல. குடிக்கிற தண்ணி புடிச்சு வைக்கங்கம்மா."

அழகர் டிஸ்பென்சரிக்குப் போனார். கைருன்னிஸா முற்றத்தில் நின்றாள். லுத்பியாவின் குரல் இன்னும் காதுக்குள் இருந்தது: இந்த வீட்டு ஆள் யாரும் இனி எங்கட வாசலுக்கு வரவேணாம்.

அந்த வீட்டில் லுத்பியாவின் மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண்ணுக்கு நான்கு வயது.

புவாத் ஆஸ்பத்திரியில். தந்தி அடிக்கலாம், ஆனால் இந்த வீட்டுப் பெயரைப் பார்த்தால் லுத்பியா பிரிப்பாளா? கைருன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். தனியாக ரெயிலேறிப் பழக்கமில்லை. ஏறினாள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைவரை கடல் ஜன்னலோடு பொங்கிப் பொங்கி வந்தது. கோட்டையில் ரிக்‌ஷா பிடித்து, இடம் சொல்லத் தெரியாமல், பள்ளிவாசலை அடையாளம் சொல்லிப் போய்ச் சேர்ந்தபோது அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

கதவைத் தட்டினாள்.

ஜன்னல் பலகை ஒரு விரற்கடை திறந்தது. லுத்பியாவின் கண். பலகை படாரென்று மூடியது.

"ராத்தா, நான் கலியாணம் கதைக்க வரல்ல!" கதவோடு வாயை வைத்துக் கத்தினாள். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. "குசினிக்கிட்ட ஈக்கிற பீப்பாய்த் தண்ணிய யாரும் குடிக்க வேணாம்! அதுல நஞ்சு! புள்ளைகளுக்குக் குடுக்க வேணாம் ராத்தா! ஹபீலாவ ஆஸ்பத்திரியில வெச்சீக்கி. அவளுக்கு வந்த சத்தி அந்த நஞ்சால!"

 பாங்கு முடிந்தது. மழை ஓட்டுவிளிம்பிலிருந்து அவள் தோளில் கொட்டியது.

தாழ்ப்பாள் விலகியது.

லுத்பியா வாசலில் நின்றாள். காலையில் வந்த பெண்ணாகவே அவள் தெரியவில்லை. தலையில் துணி இல்லை. கையில் ஒரு பித்தளைச் செம்பு, பாதித் தண்ணீரோடு. 

"ஒங்களுக்கு யாரு சொன்ன?" என்று கேட்டாள்.  "பௌஸி ஏழு நாளாச் சத்தியெடுத்துப் படுக்கையில கெடக்கிறத... ஒங்களுக்கு யாரு சொன்ன?"